துபாஷி மாத்திச் சொன்ன பேச்சு

இன்னைக்குக் காலையில ஏரிக்கரையில எங்க புதுப் படகுக்குப் பூசை. வெளக்கு எரியும்போதே, கோட்டைக்குப் புதுசா கப்பல்ல வந்திறங்கின ஒல்லாந்துக்காரன் ஒருத்தன் சப்பாத்துக் காலோட படகுல ஏறிட்டான்.

அவனுக்குப் பேச்சை மாத்திச் சொல்லக் கூட வந்த நம்மூர்த் துபாஷிகிட்ட, "பூசை நடக்குது, சப்பாத்தைக் கழட்டச் சொல்லு"ன்னேன்.

அவன் சிரிச்சிக்கினே அவங்க பாஷையில ஏதோ சொன்னான். ஒல்லாந்துக்காரன் என்னைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினான்.

"இன்னாய்யா சொன்ன?"

"நீங்க வந்ததுல இந்தம்மாவுக்கு ரொம்ப சந்தோசம்னு சொன்னேன். கோட்டை ஆளுங்ககிட்ட எதுக்கும்மா வம்பு?"

எனக்குப் பத்திக்கினு வந்துச்சி. நானே வெளக்கைக் காட்டி, ஒல்லாந்துக்காரன் காலைக் காட்டி, கும்பிட்டுக் காட்டினேன். அவன் மூஞ்சி செவந்துபோச்சி. அவசரமா ரெண்டையும் கழட்டிக்கினு சேத்துல எறங்கி நின்னான்.

அவனுக்குத் தெரியல, செஞ்சான். தெரிஞ்சே மாத்திச் சொன்ன நம்மூர்க்காரனை இன்னா பண்றது? நீங்களே சொல்லுங்க.