எதிர்ப்பக்கத்துத் தண்ணீர்ப்பந்தல்

வெள்ளைக்காரரின் கப்பல்கள் துறைமுகத்தை விட்டுப் போன பிறகு, பாலையூற்றில் எங்கள் வளவுக்குள் இருந்த சோடாக் கொம்பனிக்குப் படியளந்தவர்கள் கடவுள்மார்தான். மாதா கோயில் பெருநாள், கிண்ணியாப் பக்கத்துக் கந்தூரி, எல்லாவற்றுக்கும் மேலே பட்டினத்துக் கோயிலின் ஆடித் திருவிழா. சனம் கூடினால் சோடா விலைப்படும். சோடா விலைப்பட்டால்தான் போத்தல் கழுவும் பெண்களின் வீட்டிலும், மிசின் சுற்றும் என் மச்சானின் வீட்டிலும் அடுப்பெரியும். மச்சான் என் மனைவியின் தம்பி. நான் முதலாளி, அதாவது, பயப்படுவது என் வேலை. அதில் ஒருநாளும் குறைவைத்ததில்லை.

அந்த வருஷம் ஆடித் திருவிழாவுக்குக் கோயில் வீதியில் நாங்கள் போட்ட சோடாக் கடைக்கு நேரெதிரே தண்ணீர்ப்பந்தல் போட்டிருந்தார்கள். ஒரு வியாபாரக் குடும்பத்தின் உபயம். வருகிறவர்களுக்கெல்லாம் மோர், இனாமாக. கொடியேற்றத்தன்று கச்சான் காற்று நாக்கை உலர்த்த, வந்த சனம் நேரே பந்தலுக்குப் போனது. எங்கள் போத்தல்கள் ஈரச்சாக்குக்குள் சும்மா குளிர்ந்துகொண்டு கிடந்தன. மத்தியானத்துக்குள் நான் மனதுக்குள் மிசினை விற்று, வீட்டை ஈடு வைத்து, பிள்ளைகளை நிலாவெளியில் கரைவலை இழுக்க அனுப்பிவிட்டேன்.

"எங்க போறீங்கள், அத்தான்?" என்றான் மச்சான்.

"பந்தலைப் பின்வீதிக்கு மாத்தச் சொல்லப் போறன்."

"தாகத்துக்குத் தண்ணி குடுக்கிறதை நிப்பாட்டவோ? சாமி வெளிய வாற நேரமாப் பாத்துப் போங்கோ. அவரும் கேக்கட்டும்."

கோயில் நிர்வாகம் பார்க்கும் வண்ணக்கர் மண்டபத்தடியில் கதிரையில் இருந்தார். சுற்றிவர ஊர்ப் பெரியவர்கள்.

"என்ன தம்பி, முகம் வெளிறிப்போய் நிக்கிறீர்?"

"ஐயா, அந்தத் தண்ணீர்ப்பந்தல்..."

"ஓம்?"

எல்லாத் தலைகளும் திரும்பின. வழியெல்லாம் பாடமாக்கிக்கொண்டு வந்த வசனம் தொண்டைக்குள் திரும்பி ஓடியது. வெளியே வந்தது வேறொன்று.

"...அதை நான் எடுத்து நடத்தட்டோ எண்டு கேக்க வந்தனான்."

வண்ணக்கர் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். சற்று முன்தான் அந்தக் குடும்பத்தில் ஒரு சாவுச் செய்தி வந்திருந்தது. துடக்குக்காரர் பந்தலில் நிற்கக் கூடாது. மிச்ச நாட்களுக்கு யாரைப் பிடிப்பது என்றுதான் பெரியவர்கள் கூடியிருந்தார்களாம். நான் இழுத்த மூச்சை விடுவதற்குள் ஒலிபெருக்கியில் என் பெயர் போய்விட்டது.

நான் திரும்பி வந்தபோது மச்சான் கைகூப்பி வரவேற்றான். "எதிர்க்கடையும் எங்கடதான் இப்ப. வியாபாரம் பெருகிப்போச்சு, அத்தான்."

மறுநாள் மூதூரிலிருந்து லாஞ்சுப் படகில் தயிர்ச் சட்டிகள் வந்தன. விடியற்காலையிலிருந்து கடைந்து, கரைத்து, வார்த்து, தோள்மூட்டு கழன்றது. என் வயிற்றில் நானே அடித்துக்கொள்வதற்கு இவ்வளவு பாடு! சில பேர் குடித்துவிட்டு, "உப்புக் கொஞ்சம் காணாது" என்று வேறு சொன்னார்கள்.

பின்னேரம் ஈச்சிலம்பற்றுப் பக்கமிருந்து ஒரு புதுமாப்பிள்ளை, மாமன் மாமியோடு வந்தான். என்னிடம் இரண்டு செம்பு மோர் வாங்கி மடமடவென்று குடித்துவிட்டு மீசையைத் துடைத்தான். மாமனும் கையை நீட்ட, மாப்பிள்ளை பதறிப்போய்த் தடுத்தான்.

"விடுங்கோ மாமா, இது ஊருக்கெல்லாம் குடுக்கிறது. உங்களுக்குச் சோடா!"

எதிர்ப்பக்கம் போய், "நல்லாச் சத்தம் வரோணும்" என்று மச்சானுக்குக் கட்டளையிட்டான். போத்தல் 'டப்' என்றது. மாமனின் முகத்தில் ஒரு பெருமை. அடுத்த குடும்பமும் அந்தச் சத்தத்துக்குத் திரும்பியது. தாகத்துக்கு மோர், மரியாதைக்குச் சோடா என்பது ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. சோடா செய்கிறவனுக்கு மட்டும் தெரியவில்லை. இருட்டுவதற்குள் போத்தல்கள் முடிந்தன.

"கொடியேத்தத்தண்டு எந்த வருஷம் அத்தான் சோடா விலைப்பட்டது?" மச்சான் வெறும் போத்தல்களை அடுக்கிக்கொண்டே கேட்டான். "ஒரு நாள் பொறுக்க ஏலாமல் போச்சே!"

நான் அடுத்த செம்புக்கு மோர் வார்த்தேன். செம்புகள் நீண்டுகொண்டிருந்தன.

தேர் முடிந்த அன்று வண்ணக்கர் வந்து மோர் குடித்தார். "இனி இது வருஷா வருஷம் உங்கட குடும்பத்துக்கு, தம்பி," என்றார். மறுப்பதற்குக் கையை உயர்த்தப் பார்த்தேன். தோள் ஒத்துழைக்கவில்லை.

பிறகு கொழும்பிலிருந்து பெரிய கொம்பனிகளின் போத்தல்கள் லொறி லொறியாக வந்து இறங்கின. எங்கள் மிசின் பழைய இரும்புக்குப் போனது. மச்சான் மத்திய கிழக்குக்குப் போனான். கொம்பனியை மூடலாம், உபயத்தை மூட முடியாது. இந்த ஆடிக்கும் மூதூருக்குத் தயிர் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.