பட்டிப்பொலவைத் தாண்டி ஒரு பலகை

இந்தப் பதிவில் உள்ளவை:
1. ஏன் போனேன்
2. எந்த ரயில், என்ன செலவு
3. யார் சொன்னது சரி
4. போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

ஹட்டனில் நஸீர் ஹாஜியாரின் இரும்புக் கடையில், ஞாயிறு காலைகளில் நாங்கள் ஆறேழு பேர் கூடி ஒருவரையொருவர் கேள்வி கேட்டு மடக்குவோம். கைபேசியைப் பார்க்கக் கூடாது. முன்பு இரண்டு கைபேசிகள் இரண்டு விடை சொல்லிச் சண்டை மூட்டிவிட்டன. விடையை யாராவது மறுத்தால், கேட்டவர் அதை நேரில் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் ஒரு வருடம் கேள்வி கேட்கும் உரிமை இல்லை; கேள்வியை வாபஸ் வாங்கிக்கொண்டால் தப்பலாம்.

போன பங்குனியில் நான் கேட்டேன்: "இலங்கை மலைநாட்டு ரயில் பாதையின் ஆக உயரமான இடத்தில் உள்ள நிலையம் எது?"

"பட்டிப்பொல. சின்னப் புள்ளக்கும் தெரியும், மாஸ்டர்" என்றார் ஹாஜியார்.

"எந்த நிலையமும் இல்லை" என்றேன். நிலையங்களில் பட்டிப்பொலதான் உயரம். ஆனால் பாதை அதற்குப் பிறகும் ஏறுகிறது, சுரங்கத்தைத் தாண்டியதும் உச்சியைக் குறிக்கும் பலகை இருக்கிறது என்று விளக்கினேன். எப்போதோ வாசித்தது.

"அப்ப காட்டுங்க. இல்லாட்டி போன மூணு தடவ மாதிரி வாபஸ் வாங்குங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சொன்னது உண்மை. மூன்று முறையும் என் விடை சரியாக இருந்தும், யாரோ குரலை உயர்த்தியதும் பின்வாங்கியிருக்கிறேன். முப்பத்து நான்கு வருடம் தோட்டப் பள்ளியில் கற்பித்தவனுக்கு இது அழகா? இம்முறை, "சனிக்கிழமை வாங்க, காட்டுறேன்" என்று சொல்லிவிட்டேன். அன்றிரவு சரியாகத் தூங்கவில்லை.

சனிக்கிழமை காலை 11.10க்கு நானும் ஹாஜியாரும் ரயில் ஏறினோம். பட்டிப்பொலவைத் தாண்டி அப்புத்தளை வரை மூன்றாம் வகுப்பு, ஆளுக்கு 220 ரூபாய். பட்டிப்பொல ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். நானுஓயாவில் நல்ல கூட்டம் ஏறியது. லீக்ஸ் காய்கறி மூட்டையோடு எதிரே உட்கார்ந்த அம்மாவிடம் ஹாஜியார் ஆதரவு தேடினார்.

"பட்டிப்பொலதானே ஒசரம், தங்கச்சி?"

"அதெல்லாம் தெரியாதுங்க. டேசன விட்டப்புறமும் இஞ்சின் முக்கிக்கிட்டுத்தான் போகும்."

ஹாஜியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

1.35க்குப் பட்டிப்பொல. ரயில் கிளம்பியதும் மூடுபனி ஜன்னலை மூடியது. பலகை பனியில் மறைந்தால் என்ன செய்வது? அப்படி ஒன்று இல்லவே இல்லாவிட்டால்? சுரங்கம் இன்னும் வரவில்லையே, நேரம் இருக்கிறது என்று குனிந்து பையில் மூக்குக்கண்ணாடியைத் தேடினேன்.

"மாஸ்டர்! அந்தா ஈக்கி! பலகை!"

ஹாஜியார்தான். நிமிர்ந்தேன். பனிக்குள்ளிருந்து அது வந்தது, உயரம் ஆறாயிரத்து இருநூறு அடிக்கு மேல் என்று காட்டும் எண்ணோடு. பெட்டி கடந்து போகும் வரை அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பேசாமல் இருந்திருந்தால் நான் அதைப் பார்த்திருக்கவே மாட்டேன். கேள்வி கேட்கும் உரிமையும் போயிருக்கும்.

"தோத்துட்டேன்" என்று சொல்லி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். லீக்ஸ் அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். வடைக்காரரைக் கூப்பிட்டு மூவருக்கும் வடை வாங்கினேன். ஆளில்லாத வகுப்பறையில் பேசிப் பழகுவதுபோல, "நான் சொன்னது சரி" என்று இரண்டு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்.

மறுநாள் கடையில் ஹாஜியாரே எல்லோருக்கும் அறிவித்தார். நான் உடனே அடுத்ததைக் கேட்டேன்: "ராகலைக்கு ரயில் ஓடியிருக்கிறதா?" இல்லை என்று எல்லோரும் கத்தினார்கள். ஓடியிருக்கிறது, பாதையை எப்போதோ கழற்றிவிட்டார்கள் என்றேன். எத்தனை பேர் குரலை உயர்த்தியும் பின்வாங்கவில்லை.

போகிறவர்களுக்கு: சால்வை அவசியம். நேரமும் கட்டணமும் மாறும், நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பட்டிப்பொலவில் ரயில் நகர்ந்ததுமே கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள். ஏனென்றால் நான் கடையில் அத்தனை உறுதியாகச் சொன்னதில் ஒன்று பிழை. சுரங்கத்துக்குப் பிறகு பலகை இல்லை. பலகை முதலில் வருகிறது; சுரங்கம் அதற்குப் பிறகுதான்.