நாலாம் மாடி வாயை மூடிய சாயங்காலம்

என் பேத்தி படிக்கிற படிப்புக்கு அனைத்துலக ஆய்வு என்று பெயர். எந்த நாடு எந்த நாட்டோடு கூட்டு, எது எதோடு பேச்சில்லாமல் இருக்கிறது, ஏன் முறைத்துக்கொண்டு திரிகிறது, இதையெல்லாம் பல்கலைக்கழகத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்களாம்.

"இதுக்கு எதுக்குடி யூனிவர்சிட்டி? நம்ம பிளாட்டு லிப்டுல ரெண்டு தடவ ஏறி எறங்குனா போதாதா?" என்று கேட்டேன்.

"லிப்டுல டிகிரி குடுக்க மாட்டாங்க பாட்டி" என்றாள். எனக்கு வாய்த்த பேத்தி அப்படி.

நான் பள்ளிக்கூடத்தில் இருந்த நாளைவிட அதன் வாசலில் ஐஸ் வாங்கித் தின்ற நாள்தான் அதிகம். எனக்குக் கிடைத்த வாய்ப்பெல்லாம் அக்கரையில் இருக்கிற பிறை ஊருக்குப் போகும் ஃபேக்டரி பஸ்ஸில் ஒரு இடம். விடியற்காலையில் கடலைத் தாண்டி வேலைக்குப் போய்விட்டு வருவதையே வெளிநாடு போய் வந்த மாதிரி அலட்டிக்கொள்வேன். அப்படிப்பட்டவள் முன்னால் ஒரு நாள், சோற்றைப் பிசைந்துகொண்டே, தன் வகுப்புப் பிள்ளைகள் எங்கெங்கே போகிறார்கள் என்று இவள் எடுத்துவிட்டாள். ஒருத்தி கொரியாவில் ஒரு பருவம் படிக்கப் போயிருக்கிறாளாம். ஒரு பையன் ஏதோ தூதரகத்தில் பயிற்சிக்கு உட்கார்ந்திருக்கிறானாம். இன்னும் சில பிள்ளைகள் ஆளுக்கொரு நாடாக வேஷம் போட்டுக்கொண்டு, உலகத் தலைவர்கள் மாதிரி மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாதாடிவிட்டு வந்தார்களாம். இவளுக்குப் போலந்து நாட்டில் ஒரு பருவம் படிக்க வேண்டும். இருப்பது ஒரே இடம்.

"யாரு செலவு?" என்றேன்.

"அவங்களேதான் பாட்டி. பிளேன், ரூம், சாப்பாடு, எல்லாம்."

"அங்க போயி என்ன வேலை செய்யணும்?"

"படிக்கணும்."

"அப்புறம்?"

"அவ்ளோதான் லா."

வாயில் வைத்த சோற்றை மெல்ல மறந்து உட்கார்ந்திருந்தேன். இந்த வயசுக்குள் எனக்கு எதையாவது சும்மா கொடுத்தவன் எவனும் கடைசியில் ஓட்டாவது கேட்காமல் போனதில்லை. எங்கோ பனியில் கிடக்கிற ஒரு நாடு, மலாய் நாட்டு ஜார்ஜ் டவுனில் நாலாம் மாடியில் இருக்கிற ஒரு பெண்ணுக்குச் சோறு போட்டுப் படிக்கவைக்கக் காத்திருக்கிறது. சாமி சிலையே கண்ணைத் திறந்து பார்த்திருந்தால்கூட நான் அப்படி வியந்திருக்க மாட்டேன்.

கடைசிப் படி ஒரு நேர்முகத் தேர்வு. விடுமுறை என்பதால் வீட்டிலிருந்தே, லேப்டாப்பில். அவர்களுக்குக் காலை நேரம், நமக்குச் சாயங்காலம் நாலு மணி. அங்கேதான் வினை. நாலு மணிக்கு எங்கள் மாடி எப்படி இருக்கும் என்று எங்கள் மாடியில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். பக்கத்து வீட்டில் முறுக்கு போட்டு விற்கிறவள், அந்த நேரத்துக்குத்தான் மாவரைக்கும் மெஷினைப் போடுவாள். எங்கள் சுவரில் மாட்டியிருக்கிற முருகன் படம் ஆடும். எதிர் வீட்டுச் சீன அங்கிள் கரோக்கே பாடுவார். பாட்டில் வருகிற காதலி எங்கிருந்தாலும் காதைப் பொத்திக்கொண்டிருப்பாள். கீழே, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போவதற்காக உறுமி மேளம் பழகும் பையன்கள்.

"ஒரு மணி நேரம் சும்மா இருங்கன்னு நேரா சொல்லிடலாமே" என்றாள் பேத்தி.

"யாருக்கும் மூச்சு விடக் கூடாது" என்றாள் அவள் அம்மா, அதாவது என் மகள். நடக்கிற காரியம் நடந்து முடிகிற வரைக்கும் வெளியே சொன்னால் கண் பட்டுவிடும் என்பது அவள் நம்பிக்கை. அவளுக்கு ஃபேக்டரியில் சூப்பர்வைசர் வேலை வரப்போகிறதென்று ஒரு தடவை முறுக்குக்காரியிடம் சொன்னாள். மறு மாதமே அந்த வேலை வேறொருத்திக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து பக்கத்து வீட்டுக் கண் என்றால் என் மகளுக்குப் பாம்புக் கண்.

ஆக, மாடி முழுவதும் வாயை மூட வேண்டும், ஆனால் ஏன் என்று ஒருவருக்கும் தெரியக் கூடாது. தாயும் மகளும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் வீட்டில் பொய் சொல்லும் திறமை என் ஒருத்திக்குத்தான் உண்டு.

உறுமிப் பையன்களிடம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனேன். "தம்பி, நாளைக்கி நாலு மணிக்கு மட்டும் அடிக்காதீங்கப்பா. பாட்டிக்கு நெஞ்சு படபடன்னு வருது." முறுக்குக்காரியிடம், "மக நைட் ஷிப்ட் முடிஞ்சி வந்து தூங்குவாம்மா, மெஷின் மட்டும் வேணாம்" என்றேன். சீன அங்கிளிடம் எனக்குத் தெரிந்த பசார் மலாயில், அதாவது கடைத்தெரு மலாயில், வீட்டில் பெரிய பூஜை, பாட்டு வேண்டாம் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். தேசத்துக்குத் தேசம் தூது போய் வந்த மந்திரி மாதிரி வீட்டுக்குள் நுழைந்தேன்.

எனக்குத் தெரியாதது ஒன்று. அன்று ராத்திரியே எல்லோரும் லிப்டுக்குக் காத்திருந்தபோது என் பொய்களை ஒன்றோடொன்று உரசிப் பார்த்திருக்கிறார்கள். நெஞ்சு வலிக்காரி அன்று காலையில்தான் ரெண்டு தட்டு மீ கோரேங் சாப்பிட்டதை ஒரு பையன் பார்த்திருக்கிறான். நைட் ஷிப்டுக்குப் போக வேண்டியவள் வாரம் முழுக்க லீவு என்பது முறுக்குக்காரிக்குத் தெரியும். பூஜைக்கு ஐயர் யாரையும் கூப்பிடவில்லை. ஆனால் பேத்தி புதுச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டியிருக்கிறாள், மகள் பூவும் பழமும் வாங்கி வந்திருக்கிறாள். நம் ஆட்கள் முடிகிற வரைக்கும் மூடி வைக்கிற காரியம் என்ன? பெண் பார்க்கும் படலம். முறுக்குக்காரி தீர்ப்புச் சொல்லிவிட்டாள், மாடி ஏற்றுக்கொண்டது.

மறுநாள் நாலு மணி. கூடத்து மேசையில் லேப்டாப். நானும் மகளும் படத்தில் விழாதபடி அடுப்படி வாசலில் தரையில் உட்கார்ந்துகொண்டோம். திரையில் மூன்று சதுரம். ஒன்றில் வெள்ளை முடி அம்மா. அவளுக்குப் பின்னால் ஜன்னலில் பஞ்சு பஞ்சாகப் பனி விழுந்துகொண்டிருந்தது. ஒன்றில் தாடிக்காரர், கையில் காப்பி. ஒன்றில் எழுதிக்கொண்டே இருந்த ஒரு இளம்பெண். அங்கே அப்போதுதான் விடிந்திருக்கிறது, இங்கே என் முதுகில் சாயங்கால வெயில் சுடுகிறது. ஒரு மேசைக்குள் இரண்டு பொழுது. முழங்கால் வலியைக்கூட மறந்துபோனேன்.

என் பேத்தி பேச ஆரம்பித்தாள். வீட்டில் ரிமோட்டுக்குச் சண்டை போடுகிற அதே வாய்தானா? இங்கிலீஷ் எனக்கு ஏறாது. ஆனால் ஒருத்தி பயப்படாமல் பேசுகிறாளா என்பது எந்த மொழியிலும் தெரியும். முதுகு நேராக இருந்தது. மகள் என் கையை நசுக்கிக்கொண்டிருந்தாள்.

அப்போது தாடிக்காரர் ஏதோ கேட்டார். பேத்தி வாயைத் திறந்தாள், மூடினாள். ஒத்துப்போகாத ஆட்களுக்கு நடுவில் நின்று நீ எப்போதாவது பேசியிருக்கிறாயா, எப்படிப் பேசினாய் என்று கேட்டாராம். வேஷம் போட்டு வாதாடின கதையைத் தயார் பண்ணி வைத்திருந்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு சொல் வரவில்லை. நான் வாங்கி வைத்திருந்த அமைதி அவ்வளவு சுத்தமாக இருந்தது. உறுமி இல்லை, மெஷின் இல்லை, அவள் எச்சில் விழுங்கின சத்தம் போலந்து வரைக்கும் கேட்டிருக்கும். ஒரு மேளமாவது அடிக்கட்டுமே முருகா என்று வேண்டிக்கொண்டேன்.

மேளம் அடிக்கவில்லை. கதவுக்கு வெளியே முறுக்குக்காரியின் குரல் கேட்டது. ரகசியம் பேசுவதாக அவளுக்கு நினைப்பு.

"மாப்பிள கறுப்பா செவப்பா, ஒண்ணும் தெரியலயே!"

சீன அங்கிள் ஒரு தும்மல் போட்டார்.

போச்சு என்று மகள் கண்ணை மூடிக்கொண்டாள். பேத்தி கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்டது அவளுக்கு. எழுந்தாள், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டாள், போய்க் கதவை அகலத் திறந்தாள்.

ஐந்தடிக்குமேல் அகலமில்லாத எங்கள் நடைபாதையில் ஒரு கல்யாணக் கூட்டம். முறுக்குக்காரி பட்டுச் சேலையில், கையில் முறுக்குத் தட்டு. அங்கிள் பாத்திக் சட்டையில், ஆரஞ்சுப் பழத்தோடு. பையன்கள் தலையைப் படிய வாரி, உறுமியைத் துண்டில் சுற்றி அணைத்துக்கொண்டு.

"ஆன்டி, மாப்பிள்ள இல்ல. இவங்க போலந்துல இருக்காங்க. அங்க போயி படிக்க என்னை இன்டர்வியூ பண்றாங்க" என்று தமிழில் சொன்னாள். அதையே அங்கிளுக்கு மலாயில் சொன்னாள். லேப்டாப்பைத் திருப்பி, இவர்கள் யார், எதற்காக வந்திருக்கிறார்கள் என்று அந்த மூன்று பேருக்கும் சொன்னாள்.

முறுக்குக்காரி திரையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். "மக தூங்குறான்னு சொன்னீங்களே பெரியம்மா!"

"நெஞ்சு வலின்னீங்களே பாட்டி!" என்றான் ஒரு பையன்.

அங்கிள் தன் பங்குக்குப் பூஜையைப் பற்றிக் கேட்டார். இந்தப் பெண் என்ன செய்தாள் தெரியுமா? ஒன்றையும் விடாமல் இங்கிலீஷில் எடுத்துச் சொல்லிவிட்டாள். நான் போகாத நாட்டுக்கு என் மூன்று பொய்யும் போய்ச் சேர்ந்தன. தாடிக்காரர் காப்பியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

வெள்ளை முடி அம்மா ஒரு கேள்வி அனுப்பினாள். இவளை எங்களிடம் அனுப்புவீர்களா என்று இவர்களையே கேளேன் என்றாளாம். கேட்டாள். நடைபாதை இரண்டாகப் பிளந்தது.

"ஒத்தப் பொம்பளப் புள்ளய அம்புட்டுத் தூரமா? வேணாம் லா!" என்றாள் முறுக்குக்காரி.

"போலே, போலே! போகட்டும்!" என்று மலாயில் சம்மதம் சொல்லி அங்கிள் ஆரஞ்சை ஆட்டினார்.

"அக்கா போனா நாங்களும் போயி மேளம் அடிப்போம்" என்றான் ஒரு பையன்.

"நீ மொதல்ல எஸ்.பி.எம். பரீட்ச பாஸ் பண்ணுடா. அது இருக்கட்டும், அங்க சோறு இருக்கா, இல்ல வெறும் உருளக்கெழங்கா? கேளு அவங்கள" என்றாள் முறுக்குக்காரி.

கேட்டாள். உருளைக்கிழங்குதான் அதிகம் என்று அந்த அம்மா உண்மையை ஒப்புக்கொண்டாள். அங்கிள் மிளகாய் கிடைக்குமா என்றார். எழுதிக்கொண்டிருந்த இளம்பெண் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கிடைக்கும் என்றாள். இந்தப் பக்கத்துக் கோபம் அந்தப் பக்கம் போனது, அந்தப் பக்கத்துச் சிரிப்பு இந்தப் பக்கம் வந்தது. நடுவில் என் பேத்தி, கடலில் அக்கரைக்கும் இக்கரைக்கும் ஓடுகிற பட்டர்வொர்த் ஃபெரி மாதிரி, ஒரு நடைகூடக் காலியாகப் போகாமல், ஏற்றினது எதையும் கடலில் தள்ளாமல். நான் மூன்று பொய் சொல்லி மூட வைத்த வாய்களை இவள் திறந்துவிட்டு, ஒவ்வொன்றாகப் பேசவைத்துக்கொண்டிருந்தாள். இவள் குழந்தையாக இருந்தபோது துடைத்துவிட்ட மூக்கு இதுதானா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்குச் சேட்டையாக ஒரு வார்த்தைகூடத் தோன்றவில்லை. அதிசயம் அதுதான்.

கடைசியில் முறுக்குக்காரி, "மிளகா கெடைக்குதுன்னா போயிட்டு வரட்டும்" என்றாள்.

திரை அணைந்த பிறகு மகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "எல்லார் கண்ணும் பட்டாச்சு. இனி எங்க கெடைக்கப்போகுது?"

முறுக்குக்காரிக்கு எல்லாம் புரிந்தது. அவள் ஒன்றும் மக்கு இல்லை. "ஓ, என் கண்ணுக்குத்தான் இம்புட்டு நாடகமா? எங்க, எலுமிச்சங்காயும் காஞ்ச மொளகாயும் எடு" என்று விறுவிறுவென்று எங்கள் அடுப்படிக்குள் போனாள். பேத்தியைக் கிழக்கே பார்த்து நிற்கவைத்துச் சுற்றினாள். "ஊரு கண்ணு, ஒறவு கண்ணு, இந்தக் கொள்ளிக் கண்ணு" என்று தன்னையே காட்டிச் சொல்லி முடித்தாள். என் மகள் முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள். அடுப்பில் போட்ட மிளகாய் நெடியில் நாங்கள் எல்லோரும் இருமினோம்.

ஒரு வாரம் கழித்து ஈமெயில் வந்தது. பேத்தி அதைப் படித்துவிட்டு எங்களிடம்கூடச் சொல்லாமல் நேரே நடைபாதைக்கு ஓடினாள். "கெடைச்சிருச்சு!" என்று அவள் போட்ட சத்தம் கீழே கேட்டு, உறுமி பதில் சொன்னது.

"அந்தத் தாடிக்காரரு கேட்டதுக்கு என்னதான்டி பதில் சொன்ன?" என்று பிறகு கேட்டேன்.

"சொல்லவே இல்ல பாட்டி. கதவத் தொறந்தேன், அவ்ளோதான்."

இப்போது அவள் அங்கேதான் இருக்கிறாள். எங்கள் மாடியில் போலந்து என்று யாரும் சொல்வதில்லை, சம்பந்தி வீடு என்றுதான் சொல்கிறார்கள். நேற்று லிப்டில் முறுக்குக்காரி கேட்டாள்.

"சம்பந்தி வீட்டுல இன்னும் பனி பெய்யுதா பெரியம்மா?"

"பெய்யுது, பெய்யுது" என்றேன். "சீர்வரிசையா கொஞ்சம் இங்க அனுப்பச் சொல்லியிருக்கேன். ஒன் வீட்டு பிரிஜ்ஜ காலி பண்ணி வையி."