மைக்கில் அப்பா சொன்ன பெயர்

இதை எழுதப் பல வருடம் தயங்கினேன். அம்மன் மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன். போன வாரம் மாத்தளை அம்மன் தேர்த் திருவிழாவில் ஒரு செய்தியாளர், சேனல் பெயர் பதித்த சிவப்பு மைக்கை என் முகத்தருகே நீட்டினார். நான் கூட்டத்துக்குள் விலகிப் போய்விட்டேன்.

என் எட்டு வயதில், இனக்கலவரத்தின்போது, இரத்தோட்டையில் தோட்டத் தொழிலாளர்களான எங்கள் லயத்து வரிசை வீடுகளைச் சிங்களக் காடையர்கள் கொளுத்தினார்கள். மறுநாள், மண்ணெண்ணெய் நாற்றத்துக்குள் இதே மாதிரி மைக் வந்தது. அப்பா கும்பிட்டபடி, "எங்கள ஒளிச்சு வச்சது இந்த மாத்தயாதாங்க" என்று, நாங்கள் ஐயா என்ற மரியாதையில் மாத்தயா என்றழைத்த பக்கத்துக் கிராமத்துச் சிங்களவரின் பெயரைச் சொன்னார்.

"பேர ஏங்க சொன்னீங்க?" என்றாள் அம்மா.

"காப்பாத்துனவர் பேரச் சொல்லாம எப்படிடி?"

செய்தி போன மறுநாள் காலை, கொளுத்தியவர்களே அவரை வீட்டு வாசலில் வெட்டினார்கள். அப்பா ஓடிப்போய்த் தன் துண்டால் அவர் கழுத்தைப் பொத்தினார். இரத்தம் நிற்கவில்லை.

இதை யாருக்குச் சொன்னாலும் இப்படியே சொல்லுங்கள். அவர் பெயரை நான் எழுதவில்லை. அவர் பிள்ளைகள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள், நீங்களும் சேர்க்காதீர்கள்.