மாதேசண்ணன் கேட்ட ரெண்டாயிரத்து நானூறு

மாதேசண்ணன் இல்லை. இன்று காலை பாலக்கோடு மண்டியில் தக்காளி ஏலம் விட்டுக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிரேட் பெட்டி மேல் உட்கார்ந்தாராம். தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே…

மண்டி சேகர் போன் பண்ணி அழுதுகொண்டே சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். "சேகரு, நடிப்பு சுமார்தான். அண்ணன் பக்கத்துல உக்காந்து சொல்லிக்குடுக்கறாரா? போனை அவருகிட்ட குடு"ன்னு கேட்டேன்.

போனில் பின்னால் யாரோ ஒரு பொம்பளை கத்துகிற சத்தம் மட்டும் கேட்டது.

நான் நம்பாததற்குக் காரணம் உண்டு. போன வாரம்தான் அவரை ஏமாற்றியிருந்தேன். அவர் காருக்குக் கன்வர்ட்டர் செய்கிற பெங்களூர் பார்ட்டி மாதிரி கன்னடத்தில் பேசி, "சார், உங்க கன்வர்ட்டரை ஐயாயிரம் ஸ்டால்ல பண்ணிட்டோம்"ன்னு விட்டேன்.

மனுஷன் அலறினார். "ஐயாயிரமா! பேடப்பா பேடா, வேணாம்ப்பா! அது காரா, மாவு மிஷினா?" அப்புறம் என் சிரிப்பைக் கண்டுபிடித்துவிட்டு, "இருடா, உனக்கு ஒண்ணு வெச்சிருக்கேன்" என்றார். அதுதான் இது என்று நினைத்தேன்…

தெரியாதவர்களுக்காக: அண்ணன் பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்று வாங்கி, என்ஜினுக்குள் வால்வைத் திறந்து மூடுகிற கேம் ஷாஃப்ட் எல்லாம் மாற்றி வைத்திருந்தார். பாக்கி இருந்தது டார்க் கன்வர்ட்டர் மட்டும்தான். என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில், கிளட்ச் இருக்க வேண்டிய இடத்தில், ஆயிலுக்குள் சுற்றுகிற சாமான்.

பிரேக்கை அழுத்திக்கொண்டு ஆக்சிலரேட்டரை மிதித்தால், வண்டி நகராமல் என்ஜின் எந்த ஆர்பிஎம் வரை ஏறி நிற்கிறதோ, அதுதான் ஸ்டால் ஸ்பீடு. ரொம்பக் கம்மியாக வைத்தால், கேம் மாற்றிய என்ஜின் எடுக்கும்போது தூங்கி வழியும். ரொம்ப ஏற்றினால் டவுனுக்குள் சும்மா உறுமிக்கொண்டே வழுக்கும், ஆயில் கொதிக்கும்.

நான் மூவாயிரம் கட்சி. அவர் ரெண்டாயிரத்து நானூறு. ரெண்டு மாசமாக வாட்ஸப்பில் இதே சண்டை.

ஒருநாள் டீக்கடையில் இதை ஏலமே விட்டார். "ரெண்டாயிரத்து நானூறு ஒருதரம்…" நான் "மூவாயிரம்"ன்னு கத்தினேன். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த இண்டூர் தக்காளி விவசாயி ஒருவர் பதறிப்போய், "ஏங்க, தக்காளி கிரேட் மூவாயிரமாங்க?"ன்னு எழுந்தே நின்றுவிட்டார்.

அப்புறம் அந்த எடை மேடைக் கூத்து. வண்டி எடை என்னவென்று பெங்களூர்க்காரர் கேட்டிருந்தார். அதே கன்வர்ட்டர் கனமான வண்டியில் இன்னும் மேலே ஏறித்தான் நிற்கும், அதனால் எடை சரியாக வேண்டும். அண்ணன் லாரி எடை போடுகிற இடத்தில் காரை ஏற்றி, சீட்டு வாங்கி, பேனாவை எடுத்துக் கழிக்க ஆரம்பித்தார். பெட்ரோல் கழிவு, ஸ்டெப்னி கழிவு, கடைசியில் அவரே கழிவு. கிரேட் எடையைக் கழித்துக் கழித்தே வளர்ந்த கை!

"அண்ணா, உங்களக் கழிச்சிட்டா வண்டிய யாரு ஓட்டறது?"

"அட ஆமால்ல!" என்று அவர் சிரித்த சிரிப்பில் எடை மேடைக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார்.

அன்றைக்குத் திரும்பி வரும்போதுதான் காரணத்தையும் சொன்னார். "டேய், எனக்கு மட்டும்னா நானும் மூவாயிரந்தான் போடுவேன். உங்கக்காவும் ஓட்டணும்டா. பஸ் ஸ்டாண்டு கூட்டத்துல கால் வெச்சதும் வண்டி குதிக்கக் கூடாது, பாரு."

மதியம் அவர் வூட்டுக்குப் போனேன். ஷெட்டில் கார் பானட் திறந்தபடியே நிற்கிறது. கூட்டத்துக்கு நடுவில் அண்ணன் போன் அடித்தது. அண்ணன் சம்சாரம் சுமதி அக்கா பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். "பெங்களூர்னு வருதுடா. அந்தக் காரு பேச்செல்லாம் உங்கிட்டதான பேசுவாரு. நீயே பேசு."

பெங்களூர்க்காரருக்கு விஷயம் தெரியாது. சாயங்காலம் வேலை ஆரம்பிக்கிறோம், ஸ்டால் நம்பர் சொல்லுங்கள் என்றார். எனக்கு அண்ணன் இறந்துவிட்டார் என்று சொல்ல வாய் வரவில்லை. "ரெண்டாயிரத்து நானூறு" என்றேன்.

"மூவாயிரம் போட்டா இன்னும் நல்லா எடுக்குமே?"

"வேணாங்க. அக்கா ஓட்டப்போறாங்க."

போனை வைத்ததும் அக்கா என்னையே பார்த்தார். "யாருடா… நானா?"

"ஆமாக்கா. அண்ணன்தான் சொன்னாரு."

"எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாதேடா…"

போனை அக்காவிடமே திருப்பிக் கொடுத்தேன்.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "அந்தச் சாமான் எப்ப வருமாம்?"

கேட்டுச் சொல்றேன்க்கா என்றேன்.

மாதேசண்ணா… ரெண்டாயிரத்து நானூறு மூணுதரம். இந்த ஏலம் உங்களுக்குத்தான். போங்க.