கன்னத்தில் ஒதுக்கிய அதிமதுரம்

ஹார்மோன் டாக்டரிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தங்களுக்கு என்ன நோய் என்றே சொல்லத் தெரியாது. கணபதியில் இருக்கும் அவர் கிளினிக்கில் பெயர் கூப்பிட்டு உள்ளே அனுப்பும் எனக்கும் தெரியாதுதான். உங்கள் வீட்டிலும் ஒரு பிரஷர்காரர் இருந்தால் நம் பாடு புரியும்.

வாசலில்

கருமத்தம்பட்டியில் தறி ஓட்டும் ரங்கசாமி அண்ணனுக்குப் பஞ்சுத் தூசியில் தொண்டை கரகரக்கும். அதற்காக நாள் முழுக்க அதிமதுரக் குச்சியைக் கன்னத்தில் ஒதுக்கி மெல்லுவார். எங்கள் வீட்டிலும் இருமலுக்கு அதுதானே, நான் ஒன்றும் நினைக்கவில்லை. பெயர் கூப்பிட்டதும் துப்பிவிட்டு, வாய் கொப்பளித்து, துண்டால் துடைத்துக்கொண்டுதான் உள்ளே போவார். டாக்டர் முன்னால் மென்றுகொண்டு நிற்பது மரியாதை இல்லையாம்.

மாத்திரை மாற்றி மாற்றிக் கொடுத்தும் பிரஷர் இறங்கவில்லை. வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று டாக்டர் கேட்பார். சக்கையைத் துப்புவதால் அண்ணன் கணக்கில் அது சாப்பாடே இல்லை. கைகூப்பிச் சொல்வார்: "நீங்க எழுதிக் குடுத்தத உட்டா பச்சத்தண்ணிதானுங்க."

துவண்ட கால்

பிறகு கால் துவள ஆரம்பித்தது. ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருந்தது. சிறுநீரகத்துக்கு மேலே உள்ள சுரப்பியில் கட்டி இருக்கலாம், ஸ்கேனில் தெரிந்தால் ஆபரேஷன் என்றார் டாக்டர். அண்ணன் மனைவி சரசு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு முருகனைக் கும்பிட்டேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். சரசு மெதுவாகச் சொன்னாள்: "தறிக்காரனுக்குக் காலு போச்சுன்னா அப்பறம் என்னக்கா இருக்குது?"

டாக்டர் கையில்

ஸ்கேனில் கட்டி இல்லை. அந்த ரிப்போர்ட்டோடு வந்த அண்ணன், நான் கூப்பிடுவதற்குள் வாசலிலேயே விழுந்துவிட்டார். சத்தம் கேட்டு டாக்டர் ஓடி வந்தார். மூச்சுக்குழாயில் எதுவும் சிக்கிவிடக் கூடாதே என்று வாயைத் திறந்து பார்த்தவர் கையில் அந்தக் குச்சி வந்தது.

ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு டாக்டர் விளக்கினார். நம் உடம்பில் கார்ட்டிசால் என்று ஒரு ஹார்மோன் இருக்கிறது. அது சிறுநீரகத்தில் உப்பைப் பிடித்து வைக்காதபடி ஒரு என்சைம் அடக்கி வைக்கும். அதிமதுரம் அந்த என்சைமையே முடக்கிவிடும். உப்பு தங்கிப் பிரஷர் ஏறும். பொட்டாசியம் வெளியேறிக் கால் துவளும்.

குச்சியை நிறுத்திச் சில வாரங்களில் அண்ணன் நடந்தே வந்தார். கடவுள் கண் திறந்தார். இனித் தொண்டைக்கு என்ன செய்வது என்று அவர் கேட்க, சரசு முந்திக்கொண்டாள்: "வாய்க்குத் துணி கட்டுங்க மாமா. தூசியும் உள்ள போவாது, பொய்யும் வெளிய வராது."

எங்க ஊர்ப் பணிவு இருக்கிறதே, அது காரணத்தை வாசலிலேயே துப்பிவிட்டு வெறும் நோயை மட்டும் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுமுங்க.