டை ஊறும் அரைமணி

"மீசைக்கு மட்டுமா சார், தலைக்கும் சேத்தா?" என்று கேட்டுக்கொண்டே கண்ணாடி வழியாகப் பின்னாலிருக்கும் பியானோவை ஓரக்கண்ணால் பார்க்கிறார் முடிதிருத்துபவர். மீசை மட்டும் என்றால் டை ஊறப் பத்து நிமிடம். தலையும் சேர்ந்தால் முழுசாக அரைமணி. "மீசை போதும்ப்பா" என்று யாராவது சொல்லிவிட்டால் அவர் முகம் சுண்டிப்போகும். "காதோரம் நாலு வெள்ளை எட்டிப் பாக்குது. அப்புறம் சொல்லலையேன்னு கேக்கக் கூடாது" என்பார். காசுக்கு அலைகிறார் என்று நினைப்பவர்கள் உண்டு. பாவம், மனுஷன் அலைவதெல்லாம் நேரத்துக்குத்தான்.

மாடியிலிருந்த மழலையர் பள்ளி காலி செய்தபோது கீழே வரை இறக்கிவிட்டு, இனி தூக்க முடியாது என்று அங்கேயே விட்டுப்போன பியானோ அது. மூன்றாவது நாற்காலியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் போட்டுக்கொண்டார். அதன் தலையில் பவுடர் டப்பா வைத்தால் கெட்ட கோபம் வரும். காலையிலிருந்து கடை சாத்தும்வரை கை கத்தரிக்கோலுக்குச் சொந்தம். டை ஊறும் நேரம் மட்டுமே அவருடையது. கையுறையைக் கழற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டு உட்காருவார்.

வாசிக்கத் தெரிந்த சின்னப் பாட்டுகளை அவர் 'குட்டிங்க' என்பார். மொத்தம் பதினேழு. இரண்டு நிமிடத்தில் ஒன்று முடியும், வாடிக்கையாளர் போர்த்திய துணிக்குள்ளிருந்து கை தட்டுவார், இவருக்கும் உச்சி குளிர்ந்துவிடும். இன்னொன்று இருக்கிறது, 'பெருசு'. ஒன்பது பக்கம், பதினாலு நிமிடம். அதை எப்போதும் முதல் பக்கத்திலிருந்துதான் தொடங்குவார். தப்பு வந்தால் மறுபடியும் முதல் பக்கம். நாலாம் பக்கம் தாண்டுவதற்குள் தலையைக் கழுவும் நேரம் வந்துவிடும். அதனால் முதல் நாலு பக்கம் வெண்ணெய். மீதி ஐந்தும் ஜல்லிக்கல் ரோடு.

"நாலு வருஷமா கேக்குறேன், அந்தப் பாட்டோட முடிவை மட்டும் நான் கேட்டதே இல்ல" என்கிறாள் மனைவி.

அவருக்குச் சொல்லிக்கொடுக்கும், மகள் வயதுள்ள பியானோ டீச்சரும் ஒருநாள் போட்டுடைத்துவிட்டாள். "நாலு வருஷமா குட்டிகுட்டியாவே வாசிக்கிறீங்க அங்கிள். வர்ற ஞாயித்துக்கிழமை நம்ம மாணவர் நிகழ்ச்சியிலயாவது பெருசை முடிப்பீங்களா?" ரோஷம் பொத்துக்கொண்டு வர, பெருசுக்கே பேர் கொடுத்துவிட்டார். வீடு வருவதற்குள் ரோஷம் இறங்கிவிட்டது. பாதியில் நின்றால் மானம் போய்விடுமே!

"வாசலையே பெருக்கிட்டு இருந்தா எப்படி? பின்கட்டுக்கும் போங்க" என்று வழி சொன்னதும் அந்த டீச்சர்தான். அன்றிலிருந்து ஒன்பதாம் பக்கத்தில் தொடங்கி எட்டு, ஏழு என்று பின்னாலிருந்து வந்தார். தலை டை வந்தால் பெருசு, மீசை வந்தால் குட்டி என்று கணக்கு. ஆனால் அந்த வாரம் பார்த்து எல்லோரும் தலையையே நீட்ட, குட்டிகளில் ஆகச் சின்னது நடுவழியில் மறந்துபோனது. ஆடிப்போய்விட்டார். "பெருசைக் கவனிக்கிறேன்னு குட்டிங்க கோவிச்சுக்கிச்சு" என்று அதை நாலு தடவை வாசித்துச் சமாதானம் செய்த பிறகுதான் சோறு இறங்கியது.

வெள்ளிக்கிழமை ஓய்வுபெற்ற தபால்காரர் வந்தார். தலை, மீசை இரண்டும். நம்மவர் முதன்முறையாக ஒன்றாம் பக்கத்திலிருந்து ஒன்பது வரை போய்விடுவது என்று உட்கார்ந்தார். ஏழாம் பக்கம் காலை வாரியது. திரும்பப் போனார். மறுபடி வாரியது. விடுவாரா? கடைசிச் சுரத்தை அமுக்கி நிமிர்ந்தபோது கடிகாரத்தில் ஒரு மணிநேரம் ஓடியிருந்தது.

"ஐயய்யோ!" என்று ஓடிக் கழுவினார். தலை அட்டக்கரி. நெற்றியிலும் காதிலும் கூடக் கறுப்பு ஏறி, தேய்க்கத் தேய்க்க மாட்டேன் என்றது. தபால்காரர் கண்ணாடியை ரொம்ப நேரம் பார்த்தார்.

"என்னய்யா, பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டாப்ல இருக்கு."

"தப்பு என்னோடது சார். மன்னிச்சுக்குங்க." அவருக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது.

"அது கிடக்கட்டும். கடைசி வரைக்கும் வந்துச்சா?"

"வந்துச்சு சார்."

"அப்ப விடு. முடி வளந்துரும்."

ஞாயிற்றுக்கிழமை அரங்கில் அறுபது பேர். வெள்ளைச் சட்டை போட்டு, வியர்வையில் நனைந்து, மேடையேறினார். நாலு பக்கம் வெண்ணெயாகப் போனது. ஏழாம் பக்கத்தில் ஒரு விரல் வழுக்கியது. மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவர் திரும்பிப் போகவில்லை. அடுத்த சுரத்தைப் பிடித்துக்கொண்டு எட்டுக்குப் போனார், ஒன்பதுக்குப் போனார், முடித்தார். கைதட்டல் கூரையைத் தொட்டது.

அவருக்கு அது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. எழுந்தார். தோளில் துண்டு இல்லாததால் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். உட்கார்ந்திருந்த முக்காலியைப் பட் பட்டென்று இரண்டு தட்டு தட்டி, சபையைப் பார்த்துத் திருப்பி வைத்தார்.

"அடுத்து யாரு? வாங்க, உக்காருங்க."